ஒரு சோறு பதமா? உயிர் தோன்றுவது சுலபமா, அரிதா: பெசன்ட் நகர் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மேகம் இல்லாவிட்டால், நாங்கள் நாலைந்து பேர் பெசன்ட் நகர் கடற்கரையில் தொலைநோக்கியோடு நிற்போம். வியாழனைக் காட்டுவோம், சனியின் வளையத்தைக் காட்டுவோம். பார்த்து முடித்தவர்கள் உடனே போய்விடுவதில்லை. சுண்டல் பொட்டலத்தோடு பக்கத்தில் வந்து நின்று, "அங்கெல்லாம் ஏதாவது உயிர் இருக்குமா சார்?" என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு வேறொரு இடத்தில் போய் முட்டும்: புதிதாகப் பிறந்த ஒரு கோளில் உயிர் தானாக வந்துவிடுமா, இல்லை எங்கோ ஒரு முறை நடந்த அதிசயமா? திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே.

ஒரே வரியில சொல்லுங்க. சுலபமா, அரிதா?

பூமியில் அது சீக்கிரம் நடந்துவிட்டது என்பதற்குச் சான்று இருக்கிறது. சீக்கிரம் நடந்ததால் சுலபம் என்று சொல்லலாமா என்பதில்தான் சண்டையே. என்னைக் கேட்டால், நுண்ணுயிர் அளவில் சுலபம் என்ற பக்கம் சாய்வேன். ஆனால் வீட்டுப் பத்திரத்தை வைத்துப் பந்தயம் கட்ட மாட்டேன்.

சீக்கிரம்னா எவ்வளவு சீக்கிரம்?

பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டு. பிறந்த கொஞ்ச காலத்திலேயே செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் வந்து மோதியது; அதில் சிதறியதுதான் திரண்டு நிலா ஆனது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அந்த மோதலில் பூமி முழுக்க உருகிக் குழம்பாகியிருக்கும். அதற்கு முன் ஏதாவது முளைத்திருந்தாலும் தப்பியிருக்க வழியில்லை.

ஆஸ்திரேலியாவின் மேற்கில் ஜாக் ஹில்ஸ் என்ற இடத்தில் சிர்கான் என்னும் படிகங்கள் கிடைக்கின்றன. மணல் துகள் அளவுதான் இருக்கும். அவற்றில் மிகப் பழையதற்கு வயது 440 கோடி ஆண்டு. உள்ளே இருக்கும் ஆக்சிஜனின் எடைக் கணக்கைப் பார்த்தால், அப்போதே தண்ணீர் தண்ணீராகவே இருந்திருக்கிறது என்று தெரிகிறது. ஆக, உருகிய பூமி ஆறி ஈரமாக அதிக காலம் பிடிக்கவில்லை.

உயிருக்கு வருவோம். அதே மேற்கு ஆஸ்திரேலியாவில், பில்பாராவில், 348 கோடி ஆண்டுப் பாறையில் ஸ்ட்ரோமட்டோலைட் இருக்கிறது. நுண்ணுயிர்கள் படலம் படலமாக வளர்ந்து, மண்ணைப் பிடித்துக் கல்லாக்கிய அடுக்கு. இதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். கிரீன்லாந்தில் 370 கோடி ஆண்டுப் பாறையில் கரி இருக்கிறது. அது உயிரினம் விட்ட கரியா என்பதில் வாக்குவாதம் நடக்கிறது. 2015-இல் இன்னும் பின்னால் போனார்கள். ஜாக் ஹில்ஸ் சிர்கான்கள் பத்தாயிரத்துக்கும் மேல் சலித்ததில், 410 கோடி ஆண்டுப் படிகம் ஒன்றுக்குள் பொட்டுக் கரி கிடைத்தது. உயிர்களுக்கு எடை குறைந்த கார்பன்தான் பிடிக்கும். இந்தக் கரியிலும் அந்த வகைதான் தூக்கலாக இருந்தது. பத்தாயிரத்தில் ஒரு கல், அதை வைத்து ஒரு வழக்கு! எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கல்லை விட்டு மரபணு வழியாக வந்த கணக்கும் உண்டு. நீங்கள், நான், வாழை மரம், தயிரில் இருக்கும் பாக்டீரியா எல்லோருக்கும் பொதுவான கடைசி மூதாதை சுமார் 420 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்திருக்கும் என்று 2024-இல் ஒரு குழு கணித்தது. அந்த மூதாதையே சாதாரண ஆள் இல்லை. வைரஸை எதிர்க்கும் ஏற்பாடு வரை வைத்திருந்தது என்கிறார்கள். அப்படியானால் அதற்கும் முன்னால் ஒரு நீண்ட கதை இருந்திருக்க வேண்டும்.

இவ்வளவு பழைய பாறை நம்ம ஊர்ல கிடையாதா?

இவ்வளவு பழையது இல்லை. ஆனால் சென்னைக்காரர்கள் கவனிக்காமல் தாண்டிப் போகும் கல் ஒன்று உண்டு. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் வெட்டுப்பட்ட பாறையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நீலம் கலந்த சாம்பல் நிறம். உடைந்த இடத்தில் எண்ணெய் தடவிய மாதிரி ஒரு மினுக்கம். இதற்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல்லை வைத்து, புவியியலாளர் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர். நம் ஊர்க் கல் கல்கத்தாக்காரர் பெயரில் உலகம் சுற்றுகிறது, சரி, போகட்டும்.

இதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு. தொட்டுப் பார்த்தால் அவ்வளவு பழையதைத் தொடுகிறோம் என்று மலைப்பாக இருக்கும். ஆனால் இந்தக் கல் உருவானபோது பூமியில் உயிருக்கு ஏற்கனவே குறைந்தது நூறு கோடி வயது ஆகியிருந்தது. கல்லில் ஏதாவது தடம் இருக்குமா என்றால், இருக்காது. இருபது கிலோமீட்டருக்கும் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேல் வெந்து வந்த பாறை இது. உலகின் பழைய பாறைகளில் பெரும்பகுதிக்கு நேர்ந்த கதியும் இதுதான். உயிர் எப்போது தொடங்கியது என்பதைப் பாறையில் தேடுவது எரிந்த வீட்டில் கடிதம் தேடுவது மாதிரி.

ஸ்ட்ரோமட்டோலைட்டின் இன்றைய ஒன்றுவிட்ட தம்பியைப் பார்க்க ஆசைப்பட்டால் சென்னைக்குத் தெற்கே போகும் ஓ.எம்.ஆர். சாலை போதும். கேளம்பாக்கம் பக்கத்து உப்பளத்தில், ஓரமாகத் தேங்கிய உப்புத் தண்ணீருக்கு அடியில், ஒரு முறை விரலால் கிளறிப் பார்த்தேன். மேலே வழவழவென்று பச்சைத் தோல். அதைப் பிய்த்தால் கீழே ஊதா கலந்த இளஞ்சிவப்பு. அதற்கும் கீழே கருப்பு, அழுகிய முட்டை நாற்றம். ஒரு விரற்கடைக்குள் மூன்று குடித்தனம். மேல் வீட்டுக்காரர் விட்டதைக் கீழ் வீட்டுக்காரர் தின்று பிழைக்கிறார். பில்பாராவில் கல்லாகிக் கிடப்பதும் இப்படி ஒரு குடித்தனம்தான்.

பூமி ஆறினதும் உயிர் வந்துடுச்சுன்னா, சுலபம்னுதானே அர்த்தம்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாமே சொல்லிப் பழகியிருக்கிறோம். பூமி அந்த ஒரு சோறு. அது சீக்கிரம் வெந்துவிட்டது. ஆகவே பானை முழுக்க வெந்திருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் பழமொழி எப்போது பலிக்கும்? எல்லாப் பருக்கையும் ஒரே பானையில், ஒரே தீயில் இருக்க வேண்டும். எடுப்பவர் கண்ணை மூடிக்கொண்டு கரண்டியை விட வேண்டும். இங்கே கரண்டியை விட்டது யார்? நாம். நாமோ வெந்த சோற்றுக்குள்ளிருந்து எழுந்து வந்தவர்கள். வேகாத பருக்கையில் நின்று "ஏன் வேகவில்லை" என்று கேட்க ஆள் கிடையாது.

இதைவிடச் சுலபமாகப் பிடிபட ஒரு கல்யாணத்துக்குப் போவோம். காஞ்சிபுரத்தில் காலை ஆறு மணி முகூர்த்தம். தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்தில் இருக்கும் தாம்பரத்துக்காரர்களிடம் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கேளுங்கள். மூன்று மணி, மூன்றேகால் என்பார்கள். அதை வைத்து, தாம்பரத்தில் எல்லோரும் மூன்று மணிக்கே எழுந்துவிடுவார்கள் என்று முடிவு கட்டினால்? ஆறு மணிக்கு எழுந்தவர் மண்டபத்துக்கே வந்து சேரவில்லை. அவரிடம் நீங்கள் கேட்கவே இல்லை.

நமக்கும் முகூர்த்தம் உண்டு. சூரியன் நூறு கோடி ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து சதவீதம் என்ற அளவில் பிரகாசம் கூடிக்கொண்டே போகிறது. இன்னும் சுமார் நூறு கோடி ஆண்டில் கடல் தாங்காது. முதல் உயிரிலிருந்து கேள்வி கேட்கும் பிராணி வரை வர இங்கே நானூறு கோடி ஆண்டு பிடித்திருக்கிறது. தொடக்கம் நூற்றைம்பது கோடி ஆண்டு தள்ளிப்போயிருந்து, மற்றதெல்லாம் இதே வேகத்தில் நடந்திருந்தால், நாம் வருவதற்குள் மண்டபத்தைப் பூட்டியிருப்பார்கள். ஆகவே, உயிர் அரிதாகவே தோன்றும் என்றாலும்கூட, அதைப் பற்றிப் பேச ஆள் இருக்கும் கோளில் அது சீக்கிரம்தான் தோன்றியிருக்கும். 1983-இல் பிராண்டன் கார்ட்டர் என்ற இயற்பியலாளர் இந்த வழியில்தான் வாதம் வைத்தார். இதுவரை யாரும் அதை முழுசாக ஒதுக்கித் தள்ளிவிடவில்லை.

அப்போ கணக்குப் போட்டு ஒண்ணுமே சொல்ல முடியாதா?

கொஞ்சம் சொல்லலாம். 2012-இல் ஸ்பீகல், டர்னர் என்ற இருவர் நிகழ்தகவுக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, நாம் முன்கூட்டி எதை நம்புகிறோமோ அதுதான் விடையாக வெளியே வருகிறது என்றார்கள். 2020-இல் டேவிட் கிப்பிங் என்ற வானியலாளர் அதையே வேறு விதமாகப் போட்டார். உயிர் வேகமாகத் தோன்றும் என்பதற்கு, மெதுவாகத் தோன்றும் என்பதோடு ஒப்பிட்டால், குறைந்தது 3-க்கு 1 சாதகம். அந்தச் சர்ச்சைக்குரிய சிர்கான் கரியையும் ஏற்றுக்கொண்டால் 9-க்கு 1. பிறகு 420 கோடி ஆண்டு மூதாதையையும் சேர்த்ததில், 2025-இல் அது 10-க்கு 1 என்ற எல்லையைத் தாண்டியது. கல்யாண மண்டபச் சிக்கலையும் உள்ளே வைத்துப் போட்ட கணக்கு இது.

இதை அவரே ஒரு எச்சரிக்கையோடுதான் சொல்கிறார். பூமியைப் போலவே தொடங்கிய கோளுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. பூமியைப் போன்ற கோள் எத்தனை இருக்கிறது என்பதை இது தொடவே இல்லை.

தேவையான சாமான்லாம் கிடைக்கிறது கஷ்டமா?

இல்லை. இந்த ஒரு கேள்வியில் மட்டும் நான் தயங்காமல் பேசுவேன். 1953-இல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் என்ற ஆராய்ச்சி மாணவர், ஹெரால்ட் யூரீயின் ஆய்வுக்கூடத்தில், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி நான்கையும் கண்ணாடிக் குடுவையில் சுற்றவிட்டு மின்பொறி பாய்ச்சினார். சில நாளில் அமினோ அமிலங்கள் வந்தன. ஆதிகாலக் காற்று அப்படி இருந்திருக்காது, கரியமில வாயுவும் நைட்ரஜனும்தான் அதிகம் இருந்திருக்கும் என்று பிற்பாடு சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் அதற்குள் விண்கல்லே சாட்சிக்கு வந்துவிட்டது. 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த கல்லுக்குள் எழுபதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள். பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் 121 கிராம் மண் பூமிக்கு வந்தது. நம் உடம்பில் புரதமாகும் இருபது அமினோ அமிலங்களில் பதினான்கு அதில் இருந்தன. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டிலும் எழுத்துகளாக இருக்கும் ஐந்து பொருள்களும் இருந்தன. உப்புத் தண்ணீர் வற்றிப் படிந்த உப்புகளும்கூட. சிறுகோளுக்குள் ஒரு உப்பளம்!

1929-இல் ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற உயிரியலாளர் ஆதிக் கடலைச் சூடான, நீர்த்த சூப் என்று எழுதினார். ரஷ்யாவில் ஓப்பாரின் அவருக்கு முன்பே, 1924-இல், இதே திசையில் யோசித்திருந்தார். ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேஸ்வரத்தில் இறந்தவர். கொஞ்சம் தெற்கே வந்திருந்தால் சூப் என்று சொல்லாமல் ரசம் என்றிருப்பார். அதுதான் சரியான பதம்: தெளிவாக, நீர்த்து, சூடாக.

சாமான் இருக்குன்னா, லேப்ல ஏன் இன்னும் உயிரை உண்டாக்க முடியலை?

அரிசி, பருப்பு, புளி எல்லாம் இருந்தாலும் சாப்பாடு தானாக வந்துவிடாது. அரிது என்பவர்களின் பலமே இங்கேதான். 2016-இல் கிரெய்க் வென்டரின் குழு, ஒரு பாக்டீரியாவிடமிருந்து கழிக்க முடிந்ததையெல்லாம் கழித்து, உயிரோடு இருக்கப் போதுமான அளவுக்குச் சுருக்கிப் பார்த்தது. 473 மரபணுக்கள் மிஞ்சின. அவற்றில் 149 என்ன வேலை செய்கின்றன என்றே அப்போது புரியவில்லை. ஆனால் எடுத்தால் செத்துவிடுகிறது. இத்தனை உறுப்புள்ள ஒன்று ஒரே நாளில் சேர்ந்திருக்க முடியாது.

ஒரு பெரியவர் கேட்டார்: "எழுத்துகளைக் கிழித்துக் காற்றில் விட்டால் திருக்குறள் வருமா தம்பி?" வராது ஐயா. ஆனால் ஒவ்வொரு முறையும் சரியாக விழுந்த எழுத்து ஒட்டிக்கொண்டு, தப்பானது மட்டும் மறுபடி பறந்தால்? அப்போது வரும். இயற்கைத் தேர்வு அந்தப் பசை. சிக்கல் என்னவென்றால், தன்னைத் தானே நகலெடுக்கும் ஒரு பொருள் வந்த பிறகுதான் அந்தப் பசை வேலை செய்யும். அந்த முதல் நகலெடுப்பான் வரை பசை கிடையாது, வேதியியல் மட்டும்தான்.

அது ஆர்.என்.ஏ.வாக இருந்திருக்கலாம் என்பது பலருடைய ஊகம். செய்தியையும் சுமக்கும், நொதி மாதிரி வேலையும் செய்யும் என்பதால். வேலை செய்யும் என்று கண்டுபிடித்ததற்குத்தான் தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவருக்கும் 1989-இல் நோபல். இங்கிலாந்தில் ஜான் சதர்லாந்தின் குழு 2009-இல் ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளில் இரண்டை எளிய பொருள்களிலிருந்தே வரவழைத்தது. அதற்கு முன்வரை அது நடக்கவே நடக்காது என்று பாடம் எடுத்தவர்கள் இருந்தார்கள்.

இடது கை, வலது கைன்னு ஏதோ சொல்றாங்களே?

அமினோ அமிலங்களில் இடக்கை வகை, வலக்கை வகை உண்டு, இரண்டு செருப்பு மாதிரி. உயிர்களின் புரதம் இடது செருப்பை மட்டுமே போடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் தன் சகாக்களோடு 1963-இல் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம் என்று காட்டுவது. உலகம் முழுக்க இன்றும் அதை ராமச்சந்திரன் வரைபடம் என்றே அழைக்கிறார்கள். அதில் புள்ளிகள் பெரும்பாலும் இடப்பக்கமே குவிந்து கிடக்கும். இந்த ஒருகைப் பழக்கத்தின் விளைவு அது. ஆனால் பென்னு மண்ணில் இரண்டு கையும் ஏறக்குறைய சமமாக இருந்தது. ஒரு கை எப்படி ஜெயித்தது என்பது இன்னும் திறந்த கேள்வி.

கடல்லயா, குளத்துலயா, எங்க தொடங்கியிருக்கும்?

இரண்டு கட்சி. ஒரு கட்சி கடலடி வெந்நீர் ஊற்று என்கிறது. 2000-இல் அட்லாண்டிக்கில் கண்டுபிடித்த லாஸ்ட் சிட்டி மாதிரி, காரத்தன்மையுள்ள நீர் ஊறும் கல் கோபுரங்கள். துளைகளில் இயற்கையாகவே பேட்டரி போல ஒரு மின்னூட்ட வேறுபாடு இருக்கும். இன்னொரு கட்சி நிலத்துக் குட்டை என்கிறது. நீர் வற்றும்போதுதான் மூலக்கூறுகள் நெருங்கி ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், மழை வந்தால் கலையும், மறுபடி வற்றும். கோடையில் காய்ந்து ஐப்பசியில் நிரம்பும் கோயில் குளங்களைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, எனக்கு இரண்டாவது கட்சி மேல் கொஞ்சம் பாசம்.

மூன்றாவதாகத் துளிகள். நம் ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப் குழு 2024-இல், மின்னூட்டமுள்ள நுண்ணிய நீர்த்துளிகள் குவார்ட்ஸ் போன்ற கனிமத்தையே நொடிக்கும் குறைவில் நொறுக்குவதைக் காட்டியது. 2025-இல் ரிச்சர்ட் ஸேர் குழு, தெறிக்கும் துளிகளுக்கு இடையே குட்டி மின்னல் பாய்ந்து அமினோ அமிலம் உருவாவதைக் காட்டியது. ஆக, பெரிய இடி மின்னலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நாங்கள் நிற்கும் இந்த எலியட்ஸ் பீச்சில் அலை உடையும் சாரலே போதுமானதாக இருந்திருக்கலாம், அன்றைய காற்று இருந்தால்.

இட்லி மாவு ராத்திரியில தானா பொங்குதே, அது உயிர் தோன்றுறதுதானே?

இல்லைங்க அக்கா. உளுந்திலும் கையிலும் ஏற்கனவே இருந்த பாக்டீரியா பெருகுவது அது. சித்திரை வெயிலில் நாலு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழிவதும் அதனால்தான். கொதிக்க வைத்து, வெளிக்காற்றின் தூசி படாமல் வைத்த சாற்றில் எதுவும் முளைக்காது என்று லூயி பாஸ்டர் 1860-களிலேயே காட்டிவிட்டார்.

அப்போ இன்னிக்கு ஏன் புதுசா உயிர் தோன்றலை?

தோன்ற முயன்றாலும் யாராவது தின்றுவிடுவார்கள். 1871-இல் ஒரு கடிதத்தில் டார்வினே இதைச் சொன்னார். சுமார் 240 கோடி ஆண்டுக்கு முன் காற்றில் ஏறத் தொடங்கிய ஆக்சிஜனும் அந்த மாதிரி மூலக்கூறுகளை விட்டுவைக்காது.

வெளியிலிருந்து வந்திருக்கலாமே?

வந்திருக்கலாம். வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகர் முதலானோர் ஐதராபாத்திலிருந்து பலூன் விட்டு, மேல் வளிமண்டலத்தில் நுண்ணுயிர் பிடித்தார்கள். புதிதாகக் கிடைத்த ஒன்றுக்கு பேசில்லஸ் ஆர்யபட்டாய் என்று பெயரும் வைத்தார்கள். அவை பூமியிலிருந்தே மேலே போனவையாக இருக்கவும் வாய்ப்புண்டு. எப்படியானாலும் அங்கே எப்படித் தோன்றியது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. முகவரி மாறுகிறது, அவ்வளவுதான்.

நம்மளை மாதிரி ஆளுங்க இருப்பாங்களா?

இது வேறு கேள்வி, இதில் எனக்கு நம்பிக்கை குறைவு. உயிர் தோன்றியது சீக்கிரம். ஆனால் கருவுள்ள சிக்கலான செல் வர அதற்குப் பிறகு சுமார் இருநூறு கோடி ஆண்டு ஆனது. ஒரு செல் இன்னொன்றை உள்ளே வாங்கி, செரிக்காமல் குடிவைத்துக்கொண்டதில் வந்தது அது. வெற்றிகரமாக ஒரே ஒரு முறைதான் நடந்ததாகத் தெரிகிறது. விலங்குகள் வந்தது கடைசி அறுபது கோடி ஆண்டுக்குள். கிப்பிங்கின் 2020 கணக்கிலும், அறிவுள்ள உயிர் என்று வரும்போது தராசு 3-க்கு 2 என்று அரிது பக்கம் லேசாகச் சாய்ந்தது. பாசி படர்ந்த கோள்கள் ஏராளம், பேச ஆள்தான் இல்லை என்ற நிலைமை இருக்கலாம்.

எதைப் பார்த்தா முடிவாத் தெரியும்?

இரண்டாவது பருக்கை வேண்டும். வேறு பானையிலிருந்து.

செவ்வாய் கிட்ட இருக்கிறது. நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி 2024-இல் ஜெஸீரோ பள்ளத்துப் பக்கம் சிறுத்தைப் புள்ளி போட்ட ஒரு பாறையைக் கண்டது. பூமியில் அப்படிப்பட்ட புள்ளிகள் பல சமயம் நுண்ணுயிரின் வேலை. அதிலிருந்து துளைத்தெடுத்த துண்டு இன்னும் செவ்வாயில்தான் கிடக்கிறது. அதில் உயிர்த் தடம் உறுதியானாலும் ஒரு வில்லங்கம்: செவ்வாயிலிருந்து பிய்ந்து பூமியில் விழுந்த கற்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இரண்டு வீட்டுக்கும் இடையே எப்போதும் போக்குவரத்து. அங்கே இருப்பது நம் சொந்தக்காரராகவே இருந்தால் கணக்கு ஒன்றாகவே நிற்கும்.

அதனால் என் கண் தொலைவில் இருக்கும் நிலவுகள் மேல். சனியின் என்செலடஸ் தன் பனி ஓட்டுக்கு அடியிலிருக்கும் கடலை விண்வெளியில் பீய்ச்சுகிறது. காசினி கலம் அந்தச் சாரலுக்குள்ளேயே பறந்தது. சாரலில் ஹைட்ரஜன் இருக்கிறது என்று 2017-இலும், பாஸ்பேட் இருக்கிறது என்று 2023-இலும் தெரிந்தது. அங்கே வேறு எழுத்தில், வேறு கையில் எழுதிய உயிர் கிடைத்தால், ஒரே சூரியனைச் சுற்றி இரண்டு முறை நடந்ததாகிவிடும். அப்புறம் அரிது என்று யாரும் பேச முடியாது.

124 ஒளியாண்டு தள்ளி இருக்கும் கே2-18பி கோளைப் பற்றி 2025-இல் நிக்கு மதுசூதன் குழு சொன்னதைக் கேட்டுப் பலர் வந்தார்கள். கடல் பாசி விடும் ஒரு வாயுவின் சாயல் தெரிகிறது என்றார்கள். மற்றவர்கள் அதே தரவைப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றார்கள். நான் காத்திருக்கும் பக்கம்.

உங்க டெலஸ்கோப்ல அந்த நிலவெல்லாம் தெரியுமா?

என்செலடஸ் தெரியாது, சனியின் வெளிச்சமும் நம் ஊர் வெளிச்சமும் சேர்ந்து அதை விழுங்கிவிடும். சனியின் பெரிய நிலவு டைட்டன் தெரியும். யூரோப்பா நன்றாகவே தெரியும்: வியாழன் பக்கத்தில் வரிசையாக நிற்கும் நாலு புள்ளிகளில் ஒன்று. அதற்கும் பனிக்கு அடியில் கடல் உண்டு. 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் என்ற கலம் 2030-இல் வியாழனைச் சேரும். போன முறை ஒரு சிறுமி வெகு நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ளிக்குள்ளயா கடல் இருக்கு?" என்றாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஆமாம்மா, நம் கடலை விட அதில் தண்ணீர் ஜாஸ்தி என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டேன்.